பெயர் அல்ல, இனிஷியல்!

லண்டனில் நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவின் குடும்பப் பெயர் பாபாத். காலமான கணவர் வழியில் வந்தது. அவருடைய முன்னோர் தார்னோபோல் ஊர் யூதர்கள் என்பதற்கு மேல் அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஹீப்ரூவும் படிக்க வராது. "நீதான் எதையாவது தோண்டிக்கொண்டே இருப்பாயே, இதைக் கண்டுபிடி" என்றார்.

முதலில் பாக்தாத் பக்கம் போனேன். ஓசை ஒத்துப்போகிறதே என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. இரண்டு வாரம் வீண். தார்னோபோல் இருந்தது கலீசியாவில். இன்று உக்ரைனின் தெர்னோபில். 1772இல் அந்தப் பகுதி ஆஸ்திரியா கைக்குப் போனது. 1787இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு, யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்று ஆணையிட்டார். அப்போது ஒட்டிக்கொண்ட ஜெர்மன் சொல்லோ என்று அகராதியைப் புரட்டினேன். அதிலும் இல்லை.

கடைசியில் கைகொடுத்தது மேசை டிராயரில் கிடந்த ஒரு கல்லறைப் படம். ஹீப்ரூவில் 22 எழுத்துதான், ஒரு வாரத்தில் பழகிவிட்டது. கல்லின் தலையில் இரண்டு எழுத்து, நடுவே இரண்டு சின்னக் கோடுகள்: 'இங்கே அடக்கம்' என்பதன் சுருக்கம். அடியில் ஐந்து எழுத்து, அதிலும் கோடுகள். சுருக்கம் என்றால் கடைசி எழுத்துக்கு முன்னால் அப்படிப் போடுவார்களாம். பார்த்தால், குடும்பப் பெயரிலும் அதே கோடுகள்!

தலையில் அடித்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து இனிஷியலோடு வாழ்கிற தமிழனுக்கு இது முதல் நாளே உறைத்திருக்க வேண்டாமா?

நான்கு எழுத்து, நான்கு சொல்: ப்னே அவ் பேத் தீன். ரப்பிகள், அதாவது யூத மதகுருக்கள், நடத்தும் நீதிமன்றத் தலைவரின் பிள்ளைகள். அதே கலீசியாவின் ப்ரோடி ஊரில் அந்தப் பதவியில் இருந்தவரின் மக்களுக்கு ஒட்டிய பெயர். 'மின்ஹத் ஹினுக்' என்ற யூதச் சட்ட நூலை எழுதிய ரப்பி யோசேப் பாபாத் (1801–1874) தார்னோபோலில்தான் இருந்தார். ஆங்கில எழுத்துக்கு மாறியபோது கோடுகள் உதிர்ந்து, பெயர் அர்த்தமில்லாத ஓசையாகிவிட்டது. கட்ஸ் என்ற பெயரும் இப்படித்தான். ஜெர்மன் தெரிந்தவர்கள் பூனை என்று நினைப்பார்கள், உண்மையில் 'கோஹேன் செதெக்', நேர்மையான பூசாரி.

அம்மாவிடம் சொன்னேன். "அப்படியானால் அந்த ரப்பி எங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். கல்லறையில் இருப்பவருக்கும் அந்த ரப்பிக்கும் நடுவே இரண்டு தலைமுறை இன்னும் ஒட்டவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.