மும்தாஜ் சேலை: ஐந்தாவது தடவை ஜிப் ஏறியது

நேற்று இரவு 11.30 மணிக்கு ஜிப் நெளியாமல் ஏறிவிட்டது. நான்கு தடவை பிரித்த பிறகு. மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் யாராவது விழித்திருந்தால் நான் போட்ட சத்தம் கேட்டிருக்கும்.

தைத்துக்கொண்டிருப்பது 1968இல் வந்த ‘பிரம்மச்சாரி’ இந்திப் படத்தில் மும்தாஜ் உடுத்தி ஆடும் அந்த ஆரஞ்சுச் சேலை. அக்கா பெண்ணின் சங்கீத்துக்கு (கல்யாணத்துக்கு முன் ஆடிப் பாடும் கொண்டாட்டம்) அதேதான் வேண்டுமாம். வடிவமைத்தவர் பானு அத்தையா, பின்னாளில் ‘காந்தி’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய கோலாப்பூர்க்காரர். உடம்போடு ஒட்டிச் சுற்றி, கரை அடுக்கடுக்காக ஏறும். ஆட வசதியாக முன்கூட்டியே தைத்து வைத்த சேலை அது. இன்று கடையில் தொங்கும் ரெடிமேட் சேலைகளுக்கெல்லாம் பாட்டி!

டார்ட், லைனிங் மாதிரி வழக்கமான தையல் வேலைகளை விட்டுவிடுகிறேன். என்னைப் படுத்தியெடுத்தது இடது பக்கக் கன்சீல்டு ஜிப், அதாவது வெளியே தெரியாமல் தையலுக்குள் ஒளிந்திருக்கும் ஜிப். அடுக்குகள் அதைக் குறுக்கே கடப்பதால் இரண்டு பக்கக் கரையும் நேருக்கு நேர் சேர வேண்டும். முதல் தடவை ஒரு கரை அரை இஞ்ச் இறங்கி நின்றது. இரண்டாவது தடவை, ஜார்ஜெட் துணியைக் கிராஸாக (இழைக்குக் குறுக்குச் சாய்வாக) வெட்டியிருந்ததால் இழுபட்டு, இடுப்பில் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்தது. மூன்றாவதில் கரைக்கு வைத்த லேஸின் கனத்தில் ஜிப்பின் ரன்னர் (இழுக்கும் துண்டு) சிக்கியது. நான்காவது, தூக்கக் கலக்கம்: ஜிப்பைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டேன்.

சரியாக வந்தது இப்படி. வெட்டிய துணியை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, இறங்கியதைக் கத்தரித்தேன். ஜிப் வரும் ஓரத்தில் அரை இஞ்ச் பட்டையாக ஒட்டுக் கேன்வாஸ் (சூட்டில் ஒட்டிக்கொள்ளும் விறைப்புத் துணி) வைத்து இஸ்திரி போட்டேன். ஒரு பக்கம் தைத்து, ஜிப்பை மூடி, ஒவ்வொரு கரைக்கும் நேரே ஜிப்பின் மறுபக்க நாடாவில் சாக்பீஸால் குறி. அப்புறம்தான் அடுத்த பக்கம், அதுவும் மேலிருந்து கீழாகவே. ஒரு பக்கத் தையல் கீழே இறங்கி மறுபக்கத் தையல் மேலே ஏறினால் துணி எதிரெதிரே தள்ளிக்கொண்டு போகும். லேஸை மட்டும் ஜிப் பல்லுக்கு 3 மில்லிமீட்டர் முன்பே மடித்துக் கைத்தையல்.

ஜார்ஜெட் மங்கள்தாஸ் மார்க்கெட்டில் வாங்கியது, 6 மீட்டர். லேஸ் முதலில் தாதரில் ஒரு கடையில் எடுத்தேன். ஒரே இஸ்திரியில் கறுத்துப்போனது. பிறகு புலேஷ்வர் போனேன். அங்கே அளந்து தர மாட்டேன், சுருளாகத்தான் என்றார்கள். மிச்சம் அலமாரியில் கிடக்கிறது.

அந்த மிச்சத்தைப் பார்த்ததும் ‘வக்த்’ படத்தில் (1965) நடிகை சாதனா போட்ட, உடம்போடு ஒட்டிய சுடிதார் ஞாபகம் வந்துவிட்டது. அதுவும் பானு அத்தையா கைவண்ணம்தான். வெள்ளைத் துணிகூட எடுத்து வைத்துவிட்டேன். காலையில் அக்கா போன் செய்தாள்: “ஏண்டி, பிளவுஸ் வெட்டியாச்சா?”

முந்தானையே இன்னும் தைக்கவில்லை.