18-லிருந்து 10 மி.மீ. வரை: குறைந்த செலவில் ஓர் அல்ட்ரா வைடு லென்ஸைத் தேடிய நான்கு மாதங்கள்

என்னிடம் இருப்பது ஏபிஎஸ்-சி எனும் சிறிய வகைச் சென்சார் கொண்ட ஒரு கேனான் கேமரா. அதனுடன் வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸைக் கொண்டே (மி.மீ. எண் குறையக் குறையக் காட்சி அகலும்) சில ஆண்டுகளாக நிலக்காட்சிகளை எடுத்து வந்தேன். காலடியில் கிடக்கும் பாறையையும் தலைக்கு மேல் விரியும் மேகத்தையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர முயன்று, பின்னால் நகர்ந்து நகர்ந்து, இனி நகர இடமில்லை என்ற நிலை பலமுறை வந்த பிறகுதான் அல்ட்ரா வைடு லென்ஸ் ஒன்று வாங்கும் எண்ணம் உறுதிப்பட்டது. ஒதுக்கி வைத்திருந்த தொகை சிறியது என்பதால், வாங்குவதற்கு முன்பே சோதிக்கக்கூடிய அனைத்தையும் சோதித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

முதலில் செய்தது, எடுத்து வைத்திருந்த படங்களின் விவரங்களைக் கணினியில் வரிசைப்படுத்திப் பார்த்ததுதான். நிலக்காட்சிகளில் பெரும்பாலானவை 18 மி.மீ.யில் எடுக்கப்பட்டிருந்ததைக் கண்டு, என் தேவை மெய்ப்பட்டுவிட்டதாக மகிழ்ந்தேன். ஆனால் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது, அவற்றில் கணிசமானவற்றின் வெற்று வானத்தையும் வெற்றுத் தரையையும் நானே பின்னர் வெட்டி எறிந்திருந்தது தெரிந்தது. இன்னும் அகலமான லென்ஸ் அந்தப் படங்களை மேலும் கெடுத்திருக்கும். அகலம் உண்மையிலேயே போதாமல் போனவை, அருகில் ஏதேனும் ஒரு பொருளை வைத்து எடுத்த படங்கள் மட்டுமே.

அடுத்தது கணக்கு. கேனானின் ஏபிஎஸ்-சி சென்சாரில் 1.6 என்ற எண்ணால் பெருக்க வேண்டியிருப்பதால், 18 மி.மீ. என்பது ஃபுல் ஃபிரேமில் (பெரிய சென்சார் கொண்ட கேமராவில்) ஏறத்தாழ 29 மி.மீ.க்குச் சமம், மூலைவிட்டக் கோணம் சுமார் 74 பாகை. 10 மி.மீ. என்பது 16 மி.மீ.க்குச் சமம்; கோணம் 107 பாகையை எட்டுகிறது. அகலக் கோணத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கனமானது. 55-க்கும் 54-க்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு எதுவும் இல்லை. 11-க்கும் 10-க்கும் இடையே ஏறக்குறைய ஐந்து பாகை இருக்கிறது. பலரும் புகழும் சம்யாங் 14 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் (எஃப் எண் ஒளித்துளையின் அளவு; எண் சிறியதானால் துளை பெரிது) என் பட்டியலிலிருந்து விழுந்ததும் இந்தக் கணக்கினால்தான். ஃபுல் ஃபிரேமில் அது மிக அகலமானது. என் கேமராவில் அதுவே 22 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதன் முன்கண்ணாடி வெளியே புடைத்திருப்பதால் முன்புறத்தில் ஃபில்டர் திருகவும் வழியில்லை.

லென்ஸே வாங்காமல் சமாளிக்க முடியுமா என்றும் பார்த்தேன். கிட் லென்ஸை 18 மி.மீ.யில் வைத்து, கேமராவை நெடுக்கு வாட்டில் பிடித்தால் பக்கவாட்டுக் கோணம் 45 பாகை. ஒன்றோடொன்று மூன்றில் ஒரு பங்கு மேற்பொருந்துமாறு மூன்று படங்கள் எடுத்து இணைத்தால் 105 பாகை கிடைக்கிறது. இது 10 மி.மீ. லென்ஸ் கிடையாகத் தரும் 96 பாகையைவிடச் சற்று அதிகம். காற்றில்லாத காலைகளில் இந்த முறை மிக நன்றாக வேலை செய்தது என்பதையும், மலைத்தொடர்களுக்கு இன்றும் இதையே விரும்புகிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அலை, அசையும் புல், நகரும் மேகம் ஆகியவை வரும்போதும், முன்னணியில் ஒரு கல் அரை மீட்டர் தொலைவில் இருக்கும்போதும்தான் இணைப்புகள் பிசகின. கேமராவைத் திருப்பும்போது அதன் பார்வைப் புள்ளியும் சற்று நகர்ந்துவிடுவதால், அருகிலுள்ள பொருள் ஒவ்வொரு படத்திலும் பின்னணியின் வேறோர் இடத்தில் விழுகிறது. எனக்குப் போதாமல் இருந்த படங்கள் சரியாக அந்த வகையைச் சேர்ந்தவை.

இறுதியில் எஞ்சியவை மூன்று: டோக்கினா 11-16 மி.மீ. எஃப்/2.8, சிக்மா 10-20 மி.மீ. எஃப்/4-5.6, 2014-இல் வெளிவந்த கேனான் இஎஃப்-எஸ் 10-18 மி.மீ. எஃப்/4.5-5.6. டோக்கினாவின் எஃப்/2.8 நெடுநாள் என்னை ஈர்த்தது. எஃப்/4.5-ஐவிட அது ஏறத்தாழ ஒன்றேகால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) கூடுதல் ஒளியைத் தருகிறது. பால்வெளியைப் படமெடுப்பவருக்கு அது பெரிய வேறுபாடு. ஆனால் நான் எடுப்பதோ காலையிலும் மாலையிலும், முக்காலியில், எஃப்/8-இல். எந்த லென்ஸாக இருந்தாலும் எஃப்/8-க்கு மூடித்தான் எடுக்கப்போகிறேன் என்னும்போது, திறக்கவே போகாத கதவுக்குப் பணம் கொடுப்பது வீண் என்று தோன்றியது. எடையும் ஒரு காரணம்: டோக்கினா அரை கிலோவுக்கு மேல், கேனான் 240 கிராம். ஃபில்டர் விட்டத்தையும் விலையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். மற்ற இரண்டுக்கும் 77 மி.மீ. ஃபில்டர்கள் தேவை, கேனானுக்கு 67 மி.மீ. போதும்.

செலவை மேலும் குறைக்க, முதலில், ஏற்கெனவே வேறொருவர் பயன்படுத்திய லென்ஸ் ஒன்றைத் திருப்பித் தரலாம் என்ற ஏற்பாட்டில் வாங்கினேன். கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை. வெளிப்புறம் புதிது போலவே இருந்தது. செங்கல் சுவர் ஒன்றுக்கு நேர் இணையாகக் கேமராவை நிறுத்தி எஃப்/5.6-இலும் எஃப்/8-இலும் எடுத்து, நான்கு மூலைகளையும் முழு அளவில் ஒப்பிட்டபோது இடது கீழ்மூலை மட்டும் மெழுகு பூசியதுபோல் இருந்தது. சுவருக்குக் கேமரா சரியான இணையாக இல்லாவிட்டாலும் இப்படி வரும் என்பதால், கேமராவைத் தலைகீழாகத் திருப்பி மீண்டும் எடுத்தேன். சுவர்தான் காரணமென்றால் மங்கல் சுவரின் அதே இடத்தில் நின்றிருக்கும். அது கேமராவோடு சேர்ந்து இடம் மாறி, சட்டத்தின் அதே மூலையில் வந்து நின்றது. உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது என்பது உறுதியானதால் திருப்பித் தந்துவிட்டேன். அதன் பிறகே 10-18-ஐப் புதிதாக வாங்கினேன். அதன் மவுன்ட் (கேமராவில் மாட்டும் பகுதி) பிளாஸ்டிக் என்பது உறுத்தலாகத்தான் இருந்தது. ஆயினும் நான்கு மூலைகளும் ஒன்றுபோல் இருந்ததால் மனம் சமாதானமாயிற்று.

முதல் நாள் எடுத்த படங்கள் படுதோல்வி. மலைக்கு எதிரே நின்று 10 மி.மீ.யில் எடுத்தேன், மலை கடுகாகிப் போயிற்று, படத்தின் பாதியை மண் நிரப்பியது. நின்ற இடத்திலிருந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வதற்கல்ல, முன்னே நடந்து எதையாவது நெருங்குவதற்கே இந்த லென்ஸ் என்பதை அறிந்தும் மறந்திருக்கிறேன். இரண்டாம் வாரத்தில் முக்காலியை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, ஓடைக்கல் ஒன்றுக்கு அரை மீட்டர் அருகில் வைத்தபோதுதான் படத்துக்கு ஆழம் வந்தது.

குவிப்பில் ஒரு சிக்கல் இருந்தது. 10 மி.மீ.யில், எஃப்/8-இல், ஹைப்பர்ஃபோகல் தொலைவு (அங்கே குவித்தால், அதில் பாதித் தொலைவு முதல் தொடுவானம் வரை தெளிவாகத் தெரியும்) ஏறத்தாழ 67 செ.மீ.; 18 மி.மீ.யில் அதுவே இரண்டு மீட்டருக்கு மேல். ஆனால் இந்த லென்ஸில் தொலைவு அளவுகோல் கிடையாது. வளையமும் மின்னணு முறையில் இயங்குவதால், அதைத் தொட்டுத் தொலைவை அறிய இயலாது. ஆகவே சுமார் ஒரு மீட்டர் தள்ளியுள்ள கல்லை ஆட்டோஃபோகஸில் பிடித்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுகிறேன். அப்போது 40 செ.மீ. முதல் தொடுவானம் வரை தெளிவாக அமைகிறது. 67 செ.மீ.யிலேயே குவித்தால் தொலைவிலுள்ள மரங்கள் தெளிவின் விளிம்பில் நிற்பதைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது காண முடிகிறது.

கிட் லென்ஸுக்காக வாங்கிய பொலரைசரை (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டரை) ஓர் இணைப்பு வளையத்தின் மூலம் மாட்டிப் பார்த்தேன். மூலைகள் கருத்ததோடு, வானத்தின் நடுவே அடர்நீலப் பட்டை ஒன்றும் விழுந்தது. சூரியனுக்கு 90 பாகை தள்ளியுள்ள பகுதியில் மட்டுமே ஒளியின் முனைவாக்கம் (ஒளியலைகள் ஒரே திசையில் அதிர்வது) மிகுதி என்பதால், இவ்வளவு அகலமான வானத்தில் அது சீராக இருக்க வாய்ப்பில்லை. தண்ணீரின் பளபளப்பைக் குறைக்க வேண்டிய, வானம் சட்டத்துக்குள் வராத படங்களுக்கு மட்டும் இனி அதைப் பயன்படுத்துவேன்.

சென்ற வாரம் எஃப்/16-இல் சூரியனை நேராக வைத்து எடுத்தேன். அபெர்ச்சர் (ஒளித்துளை) இதழ்கள் ஏழு, ஒற்றைப்படை எண் என்பதால் இருமடங்காகப் பதினான்கு கதிர்கள் விழுந்தன. அதே எஃப்/16-இல் டிஃப்ராக்‌ஷன் (சிறிய துளை வழியே ஒளி வளைந்து பரவுவது) காரணமாகப் புல்லின் நுண்மை மங்கியிருந்ததால், முக்காலியை அசைக்காமல் எஃப்/8-இல் இன்னொரு படம் எடுத்து, கதிர்களை மட்டும் முதல் படத்திலிருந்து எடுத்துச் சேர்த்தேன். சேர்த்த விளிம்பு மேகத்தின் ஓரத்தில் இன்னும் தெரிகிறது. அடுத்த முறை மேகமற்ற காலையில் முயல வேண்டும்.