மோசல் ரீஸ்லிங்: இனிப்பா இருந்தா மட்டமா என்ன?

ஜெர்மனில மோசல் ஆத்தங்கரைல ரீஸ்லிங்னு ஒரு வெள்ளைத் திராட்சைல வைன் செய்வாங்க. வைன் பத்தி கொஞ்சம் தெரிஞ்சவங்ககிட்ட மோசல்னு சொல்லிப் பாருங்க, பாதிப் பேரு "ஓ அந்த ஸ்வீட் வைனா"ன்னு உதட்டைச் சுழிப்பாங்க. எனக்கு அங்கதான் கடுப்பு ஏறும். நான் இருக்குறது ஃப்ராங்க்ஃபர்ட்ல, அங்கருந்து மோசல் ஒண்ணும் பெரிய தூரம் இல்ல, லீவு கிடைச்சா அந்தப் பக்கம் தான் போறது. போன மாசம் வீட்டுக்கு வந்த ஃப்ரெண்டுக்கு ஒரு காபினெட் (மோசல் வைன்ல ஒரு வகை, கீழ சொல்றேன்) ஊத்திக் கொடுத்தேன், ஒரு வாய் குடிச்சிட்டு "மச்சான், இது திராட்சை ஜூஸ்டா, இதுக்குப் போய் இருபது யூரோ குடுத்தியா"ன்னான். ரெண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கிக் குடிச்சான்ங்கறது வேற விஷயம். அவனுக்கு அன்னிக்கு பொறுமையா சொல்ல முடியல, அதான் இங்க எழுதுறேன்.

மோசல் ஃப்ரான்ஸ்ல வோஜ் மலைல பிறந்து, லக்ஸம்பர்க் எல்லையை ஒட்டி வந்து, ட்ரியர் வழியா கோப்லென்ஸ்ல போய் ரைன்ல கலக்குற ஆறு. ட்ரியர்ல இருந்து கோப்லென்ஸ் நேர்கோட்டுல பாத்தா 100 கிலோமீட்டர் கூட வராது, ஆனா ஆறு அதைக் கடக்க கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் எடுத்துக்குது, அவ்வளவு வளைவு. சில இடத்துல இப்பப் பாத்த ஊரையே அரை மணி நேரம் கழிச்சு மலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து திரும்பப் பாப்பீங்க. இந்த வளைவு தான் எல்லாத்துக்கும் காரணம். திராட்சை பழுக்கறதுக்கு ரொம்ப வடக்கு இது, வெயில் பத்தாது. ஆறு வளையும்போது ஒரு கரை தெற்கு பாத்த செங்குத்து சரிவா அமைஞ்சிடுது, அதுல வெயில் நேரா விழுது, கீழ தண்ணில பட்ட வெளிச்சமும் மேல எகிறி வருது. எதிர்க்கரைல பல இடத்துல வெறும் காடு, இல்ல சும்மா சாதாரண நிலம். ஒரே ஊர், ஒரே ஆறு, கரை மாறினா விலையே மாறிடும்.

மண்ணுன்னு சொல்லக்கூட முடியாது, கல்லு தான். சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல எழுதுன சிலேட்டு இருக்கே, அதே கல்லு, தட்டை தட்டையா உடைஞ்சு சரிவு முழுக்க கொட்டிக் கிடக்கும், நடந்தா காலடில சலசலன்னு சரியும். சுமார் 40 கோடி வருஷத்துக்கு முந்தி கடலடில படிஞ்ச சேறு இறுகி ஆன பாறை. பகல்ல சூடாகி ராத்திரி மெதுவா சூட்டை விடும், மழைத்தண்ணி நிக்காம வடிஞ்சிடும், வேர் கீழ போய்ட்டே இருக்கும். பெரும்பாலும் நீலச் சாம்பல் நிறம், ஊர்சிக் மாதிரி சில ஊர்ல செக்கச் செவேல்னு இருக்கும், அங்க வர்ற வைன்ல ஒரு மசாலா வாசனை வரும்னு சொல்லுவாங்க, எனக்கும் வர்ற மாதிரி தான் இருக்கு. இன்னொரு விஷயம், 19ம் நூற்றாண்டுல ஐரோப்பா முழுக்க திராட்சையை அழிச்ச ஃபைலாக்ஸெரா பூச்சிக்கு இந்த மாதிரி சரளைக் கல்லு ஆகாது, அதனால ஒட்டுக்கட்டாம சொந்த வேர்ல நிக்கிற பழைய கொடிங்க இன்னும் இங்க இருக்கு.

சரிவு எவ்வளவு செங்குத்துன்னா, ப்ரெம்ங்கிற ஊர்ல கால்மோண்ட்னு ஒரு தோட்டம், 60 டிகிரிக்கும் மேல, ஐரோப்பாவுலயே ரொம்ப செங்குத்தானதுல ஒண்ணு. அதுல மலையேறுறவங்களுக்குன்னு இரும்புக் கம்பியும் ஏணியும் அடிச்சு ஒரு பாதை போட்டிருக்காங்க, நான் பாதி வழில கம்பியைப் பிடிச்சிட்டு மூச்சு வாங்கிட்டு இருக்கேன், என் பக்கத்து வரிசைல அறுபது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர் முதுகுல கூடையோட சர்வசாதாரணமா இறங்கிப் போறாரு. அங்க ட்ராக்டர் ஏறாது. ஒத்தைத் தண்டவாளத்துல ஊருற ஒரு குட்டி வண்டி இருக்கு, ஆளும் கூடையும் அதுல தான் ஏறும், மீதியெல்லாம் கை வேலை. பழைய முறைத் தோட்டங்கள்ல பந்தலும் கிடையாது, கம்பி வேலியும் கிடையாது, ஒரு கொடிக்கு ஒரு மரக்கம்பு, கொடியோட ரெண்டு கிளையையும் வளைச்சு கீழ கொண்டு வந்து கட்டுவாங்க, தூரத்துல பாத்தா இதயம் வரைஞ்ச மாதிரி இருக்கும். ரொமான்ஸ்லாம் ஒண்ணும் இல்ல, சரிவுல எந்தப் பக்கம் வேணாலும் குறுக்க நடந்து போகணும்ல, அதுக்கு தான். இவ்வளவு உழைச்சு எடுக்குற சரக்கை இருபது யூரோவுக்கு விக்கிறாங்கன்னா அது எனக்கு கொள்ளை மலிவு.

ரோமானியர் காலத்துல இருந்தே இங்க வைன் தான். நோய்மாகன்ங்கிற ஊர்ல கிடைச்ச 3ம் நூற்றாண்டு கல்லறைச் சிற்பம் ஒண்ணு, பீப்பா ஏத்தின கப்பல், துடுப்பு போடுறவங்க எல்லாம் செதுக்கி இருக்கும், அசல் ட்ரியர் மியூசியத்துல இருக்கு, கட்டாயம் பாருங்க. ஆனா அப்ப ரீஸ்லிங் கிடையாது. பல நூற்றாண்டுக்கு இங்க எல்ப்லிங் மாதிரி தரம் இல்லாம சும்மா நிறைய காய்க்குற ரகங்க தான் அதிகம். 1787ல ட்ரியர் ஆர்ச்பிஷப் க்ளெமென்ஸ் வென்செஸ்லாஸ், அவரு தான் அந்த ஏரியாவுக்கே ஆட்சியாளரும், மட்ட ரகத்தையெல்லாம் ஏழு வருஷத்துக்குள்ள பிடுங்கிட்டு நல்ல ரகம் வைக்கணும்னு உத்தரவு போட்டாரு. இப்ப மொத்தம் 8000 ஹெக்டேருக்கு மேல தோட்டம், அதுல 60 சதவீதத்துக்கு மேல ரீஸ்லிங். எல்ப்லிங் ஒண்ணும் அழிஞ்சிடல, ட்ரியருக்கு மேல லக்ஸம்பர்க் பக்கம் சுண்ணாம்பு மண்ல இன்னும் இருக்கு, வெயில் காலத்துக்கு ஜம்முனு இருக்கும்.

சரி, இனிப்பு மேட்டருக்கு வர்றேன். ரீஸ்லிங் லேட்டா பழுக்குற ரகம், அக்டோபர்ல தான் பறிப்பாங்க, குளிர்ல மெதுவா பழுக்கறதால சர்க்கரை ஏறினாலும் புளிப்பு குறையாது. அந்தக் காலத்துல பாறைக்குள்ள இருக்குற நிலவறைல குளிர் வந்ததும், சர்க்கரையை ஆல்கஹாலா மாத்துற ஈஸ்ட் தூங்கிடும், சர்க்கரை கொஞ்சம் மிச்சம் நிக்கும். இப்ப அதையே குளிரூட்டி, வடிகட்டி, வேணும்னே நிறுத்துறாங்க. அதனால ஆல்கஹால் 8, 9 சதவீதம் தான். சர்க்கரை லிட்டருக்கு 40 கிராம் இருந்தாலும் புளிப்பு அதை இழுத்துப் பிடிச்சிடும், நல்ல எலுமிச்சை சர்பத்து எப்படி இனிச்சும் இனிக்காம தாகத்தை அடக்குதோ அந்த மாதிரி. புளிப்பு இல்லாத இனிப்பு வைன் தான் திகட்டும், அந்த மாதிரி மலிவு பாட்டில்கள் 70, 80கள்ல சூப்பர்மார்க்கெட் முழுக்க போய் மோசல் பேரைக் கெடுத்துச்சு.

அதுக்கு ஜெர்மனியோட 1971 வைன் சட்டமும் ஒரு காரணம்னு நான் சொல்லுவேன். பீஸ்போர்ட்னு ஒரு ஊர், அங்க கோல்ட்ட்ரோப்ஃப்ஷென்னு ஒரு சரிவு, ரோமானியர் காலத்து திராட்சை பிழியுற தொட்டியே அதோட அடிவாரத்துல 1985ல தோண்டி எடுத்தாங்க, அவ்வளவு பேர் போன இடம். ஆனா கடைல பீஸ்போர்ட்டர் மிஷேல்ஸ்பெர்க்னு ஒரு பாட்டில் இருக்கும், அது சுத்தி இருக்குற பல ஊரோட திராட்சையையும் சேர்த்துப் போட அந்தச் சட்டம் அனுமதிச்ச பொதுப் பேரு, சமவெளித் தோட்டமா கூட இருக்கலாம். லேபிளைப் பாத்தா ரெண்டும் ஒரே தரம் மாதிரி தான் தெரியும். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு இப்படியே ஓட்டிட்டு 2021ல தான் சட்டத்தைத் திருத்தினாங்க.

அடுத்த குழப்பம் காபினெட், ஷ்பேட்லேஸ, அவுஸ்லேஸங்கற வரிசை. இது வைன் எவ்வளவு இனிக்கும்னு சொல்ற அளவு கிடையாது, பறிக்கும்போது பழச்சாறுல எவ்வளவு சர்க்கரை இருந்துச்சுங்கறது. ஓக்ஸ்லன்னு ஒரு அளவு, மோசல் ரீஸ்லிங்குக்கு ஷ்பேட்லேஸன்னா குறைஞ்சது 76, அவுஸ்லேஸன்னா 83, உச்சில இருக்குற ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேஸக்கு 150. அது கொடிலயே பூஞ்சை பிடிச்சு உலர்ந்து சுருங்கின பழத்தை ஒண்ணொண்ணா பொறுக்கி எடுத்து பிழியுறது, பேரைக் கேட்டு மிரளாதீங்க, விலையைக் கேட்டா தானா மிரளுவீங்க. மோசல்ல கலக்குற ஸார் ஆத்துப் பக்கம் ஷார்ட்ஸ்ஹோஃப்பெர்க் தோட்டத்து பாட்டில் ட்ரியர் ஏலத்துல பல ஆயிரம் யூரோவுக்குப் போகும். ஷ்பேட்லேஸ ட்ரோக்கன்னு (ட்ரோக்கன்னு தனியா வந்தா இனிப்பில்லாதது) லேபிள்ல இருந்தா பழுத்த பழம் தான் ஆனா சர்க்கரை கிட்டத்தட்ட பூரா நொதிச்சுப் போச்சுன்னு அர்த்தம், லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல இருக்காது. ஃபைன்ஹெர்ப்னா நடுவாந்திரம், அதுக்கு சட்டத்துல அளவே கிடையாது, தயாரிக்கிறவர் மனசு தான்.

ஐஸ் வைன் கேட்டுட்டு வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், அதுக்கு பழம் கொடிலயே மைனஸ் 7 டிகிரில உறையணும், இப்பல்லாம் அந்தக் குளிரே சரியா வர்றதில்ல. 2019 அறுவடைல ஜெர்மனி முழுக்கவே கிட்டத்தட்ட கிடைக்கல. ஆனா இதே சூடு தான் முன்னாடி பல வருஷம் சரியா பழுக்காத ஸார், ரூவர் ஆத்துப் பள்ளத்தாக்குல இப்ப வருஷா வருஷம் பழுக்க வைக்குது. அங்க தோட்டம் வச்சிருக்கறவங்களைக் கேட்டா ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் புளிப்பு குறைஞ்சிடுமோன்னு பயம்.

போறதா இருந்தா பெர்ன்காஸ்டல் போங்க, கூட்டம் தான் ஆனா டாக்டர்னு பேர் வச்ச தோட்டம் ஊருக்கு மேலயே தொங்கும், காய்ச்சல்ல கிடந்த ஆர்ச்பிஷப் அந்த வைனைக் குடிச்சு பிழைச்சாருன்னு ஒரு கதை சொல்லி வச்சிருக்காங்க. வேலன்ங்கிற ஊர்ல சரிவு நடுவுல பெரிய சூரியக் கடிகாரம், 1842ல கட்டினது, தோட்டத்துல வேலை செய்யுறவங்க மணி பாக்க. சாப்பாட்டோடன்னா ட்ரோக்கனை விட்டுடுங்க, நம்ம காரத்துக்கு அது கடுக்கும். தேங்காய்ப்பால் ஊத்தின மீன் குழம்போட ஃபைன்ஹெர்ப், மிளகு தூக்கலா போட்ட நண்டு மசாலாவோட காபினெட், நல்லா சில்லுனு வச்சு. ஷ்பேட்லேஸ வாங்கினா ஒண்ணை உடனே குடிச்சிட்டு ஒண்ணை பத்து வருஷம் மூலைல போட்டு வைங்க, அப்புறம் திறந்தா லேசா பெட்ரோல் வாசனை வரும், கெட்டுப்போச்சுன்னு சிங்க்ல கொட்டிடாதீங்க.