துருப்பிடித்த போல்ட் காட்டிய அளவு

என் காரில் ஓட்டுநர் சீட்டைக் கையால் தள்ளினால் நகராது. பிரேக்கை அழுத்தினால் மட்டும் வலது பக்கம் ஒரு விரல்கடை முன்னால் குதித்து, சீட் கோணிக்கொண்டு நிற்கும். 1940-களில் செய்த பிரிட்டிஷ் கார் அது. என்ஜின், பிரேக், வயரிங் எல்லாம் முடித்துவிட்டு, "நாலு போல்ட்தானே" என்று சீட்டைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். அந்த நாலு போல்ட் ஐந்து மாதத்தை விழுங்கிவிட்டது.

அவை கடையில் கேட்டு வாங்குகிற போல்ட் அல்ல. தலைக்கும் மரைக்கும் நடுவே மரையில்லாத, தடித்த, உருளையான ஒரு தோள் உண்டு. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்தத் தோள் தரையில் போய் உட்கார்ந்துகொள்ளும், தலை அதற்கு மேல் இறங்காது. தோளைச் சுற்றித்தான் சீட்டின் ரன்னர் தகடு தன் நீளத் துளையோடு முன்னும் பின்னும் சறுக்குகிறது. சீட் ஆடாமலும் இருக்க வேண்டும், நகரவும் வேண்டும். இந்த இரண்டையும் அந்தத் தோளின் உயரம் ஒன்றுதான் தீர்மானிக்கிறது. மில்லிமீட்டரில் கால் பங்கு குறைந்தால் சீட் பிடித்துக்கொள்ளும், ஒரு மில்லி கூடினால் கடகடக்கும்.

கழற்றும்போது மூன்று வந்துவிட்டன. இடது பின்பக்கத்துப் போல்ட் ரன்னரோடு ஒரே கட்டியாகத் துருவேறி இருந்தது. எண்ணெய் விட்டேன், சூடு காட்டினேன், கடைசியில் பொறுமை இழந்து நீளக் குழாயை ஸ்பானரில் மாட்டி இழுத்தேன். தோளை ஒட்டி, மரை தொடங்கும் இடத்தில் 'டக்' என்று முறிந்தது. மரைத் துண்டு தரையில் வெல்டு செய்த நட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. இடதுபுறம் சுற்றும் டிரில் பிட் போட்டுத்தான் அதை எடுக்க முடிந்தது. மேல் துண்டைக் குப்பை டப்பாவில் எறிந்தேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம்.

மரையின் அளவைக் கண்டுபிடிப்பது தனிக்கதை. வெர்னியர் 7.9 காட்டியது. பட்டறைப் பேச்சில் சொன்னால் இரண்டரை நூல், அதாவது 5/16 அங்குலம். விட்டம் மட்டும் தெரிந்து பயனில்லை. அதே 5/16-ல் பி.எஸ்.எஃப். (பழைய பிரிட்டிஷ் நுண்மரை) அங்குலத்துக்கு 22 மரை, யு.என்.எஃப். (யூனிஃபைட் நுண்மரை) 24, விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் கரடு மரை 18. பக்கத்திலேயே 8 மில்லி மெட்ரிக் மரையான எம்8 வேறு நிற்கிறது, அங்குலத்துக்கு ஏறக்குறைய 20. எதை எதில் போட்டாலும் முதல் ஒன்றிரண்டு சுற்று இணக்கமாகப் போகும், பிறகு இறுகும். இறுகுகிறதே என்று ஸ்பானரைப் போட்டால் மரை போயிற்று. எனக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் வலது முன் நட்டில் எம்8-ஐ அப்படித்தான் திருகி ஏற்றியிருந்தார். மரை கேஜை வைத்துப் பார்த்ததில் மற்றவை 22-ல் உட்கார்ந்தன. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் சேர்ந்து யூனிஃபைட் என்ற பொது மரையை ஏற்றது 1948-ல்தான் என்பதால், அதற்கு முந்தைய வண்டியில் பி.எஸ்.எஃப். இருப்பதில் வியப்பில்லை.

தலையை வைத்து மரையை ஊகிக்கவே கூடாது. இந்தப் போல்ட்டின் தலை 0.710 அங்குலம், அதாவது 18.03 மில்லி. 18 நம்பர் ஸ்பானர் அழகாகப் பொருந்தும், உடனே மெட்ரிக் என்று நினைக்கத் தோன்றும். தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 1923-ல் பிரிட்டிஷ் கார் நிறுவனமான மோரிஸ் வாங்கிய கோவென்ட்ரி என்ஜின் தொழிற்சாலை அதற்கு முன் பிரான்ஸின் ஹாட்ச்கிஸ் நிறுவனத்துடையது. அங்கிருந்த இயந்திரங்கள் மெட்ரிக் மரை போடுபவை. அதனால் மோரிஸ், எம்.ஜி. என்ஜின்களில் பல ஆண்டுகள் மெட்ரிக் மரையும் விட்வொர்த் ஸ்பானருக்கான தலையும் ஒரே போல்ட்டில் குடித்தனம் நடத்தின.

கழன்று வந்த மூன்றில் ஒன்று மட்டும் பளபளவென்று இருந்தது. அதையே மாதிரியாக எடுத்துக்கொண்டேன். தோளின் உயரம் 6.10 மில்லி. டர்னரிடம் கொடுத்து நாலு கடைந்து வாங்கினேன். புது வாஷர் போட்டு இறுக்கினேன். சீட் சிமென்ட் வைத்துப் பூசியதுபோல நின்றது.

வரைபடத்தோடு உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். தரையில் ஒட்டிய தேய்மானத் தகடு 14 கேஜ், 2.03 மில்லி. அதன்மேல் சறுக்கும் ரன்னர் 10 கேஜ், 3.25. தலைக்குக் கீழே வாஷர் 20 கேஜ், 0.91. கூட்டினால் 6.19. தோளோ 6.10. பிறகு எப்படி நகரும்? பழைய போல்ட்டோடு மட்டும் எப்படி நகர்ந்தது என்று ஒரு வாரம் குழம்பினேன். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது தோளின் அடிமுகத்தில் அரம் இழுத்த கோடுகள் தெரிந்தன. வாஷரும் தகடும் தேயத் தேயச் சீட் கடகடத்திருக்கிறது. யாரோ தோளை ராவிக் குறைத்து ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறார். பளபளப்பு அந்த ராவலின் பளபளப்பு. நான் நகலெடுத்தது தொழிற்சாலையின் அளவை அல்ல, அந்த மனிதரின் சமாளிப்பை.

குப்பை டப்பாவைக் கவிழ்த்து முறிந்த துண்டைத் தேடி எடுத்தேன். துருவை நீக்கியதும் தோளின் அடிமுகத்தில் பழைய பூச்சு அப்படியே இருந்தது. தரையோடு அழுந்திக் கிடந்ததால் காற்றும் படவில்லை, அரமும் படவில்லை. (அந்தக் காலப் பூச்சு கேட்மியமாக இருக்கலாம். அது நச்சு, உலர்வாக உரசிப் பொடி பறக்கவிடக் கூடாது.) உயரம் 6.34. கால் அங்குலம் என்பது 6.35. வரைந்தவர் அங்குலப் பின்னத்தில் யோசித்தவர், கணக்கு உடனே விழுந்தது: 6.35-ல் 6.19 போக 0.16 மில்லி இடைவெளி. தோளின் விட்டத்தையும் அப்படித்தான் பிடித்தேன். நடுவில் 12.1 வரை தேய்ந்திருந்தது. தலைக்கு அடியில், வாஷர் மறைத்திருந்த மெல்லிய வளையத்தில் 12.68. ஆக அரை அங்குலம், 12.70.

இரண்டாம் சுற்றில் டர்னரோடு நானும் நின்றேன். வெட்டச் சுலபம் என்று ஈஎன்1ஏ எஃகுக் கம்பி எடுக்கப் பார்த்தார். ஓடும் வண்டியில் ஆளைத் தாங்குகிற போல்ட், வேண்டாம் என்று அதைவிட வலுவான ஈஎன்8 எஃகு கேட்டேன். மரைக்கருவியை 60 அல்ல, விட்வொர்த் குடும்பத்துக்குரிய 55 பாகைக்குத் தீட்டச் சொன்னேன். லேத் மெட்ரிக் லேத், அதனால் 127 பல் கியர் தேவைப்பட்டது. 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் 127, அங்குல மரையும் மெட்ரிக் திருகும் கைகுலுக்கும் ஒரே இடம். அந்த வேலை முடியும் வரை அரைநட்டை (லேத்தின் திருகைக் கவ்வி வெட்டுக்கருவியை நகர்த்தும் நட்டு) திறக்கவும் முடியாது, ஒவ்வொரு வெட்டுக்கும் லேத்தைப் பின்னோக்கி ஓட்ட வேண்டும். "தம்பி, இதுக்கு நாலு போட்டாலும் பன்னெண்டு போட்டாலும் செட்டிங் நேரம் ஒண்ணுதான்" என்றார். பன்னிரண்டு போட்டோம். பழையது முறிந்த அதே மூலையில் கூர்மை இல்லாமல் சின்ன வளைவு விடச் சொன்னேன்.

துத்தநாகப் பூச்சுக்கு அனுப்பி வாங்கினால், பூச்சுக்கு முன் கையாலேயே ஏறிய போல்ட் நட்டில் இறுகியது. மரையின் சரிவுப் பக்கங்களில் பூச்சு ஏறும்போது நடுவிட்டம் பூச்சின் தடிமனைப்போல நாலு மடங்கு கூடுகிறது. 8 மைக்ரான் பூச்சு என்றால் 0.03 மில்லிக்கு மேல். நட்டை மரை வெட்டும் டேப் போட்டு அகலப்படுத்த மனம் வரவில்லை. பூச்சைக் கரைத்து எடுத்து, மரையை அந்த அளவு ஆழமாக்கி, மறுபடி பூசினோம்.

அந்தத் தொகுதியோடு சேர்த்து, சீட்டை நகராமல் பூட்டும் தாழுக்குப் புதிதாகச் சுற்றிய ஸ்பிரிங்கையும் பூச்சுக்கு அனுப்பியிருந்தேன். மாட்டிய மறுநாள், யாரும் தொடாமலே இரண்டாக ஒடிந்து கிடந்தது. அமிலத்திலும் மின்பூச்சிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். மென்மையான ஈஎன்8 தாங்கும், கடினமான ஸ்பிரிங் தாங்காது. பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 200 பாகை செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுத்திருக்க வேண்டும். அடுத்த ஸ்பிரிங்குக்கு எண்ணெய் தடவியதோடு சரி.

தாழ் விழும் துளைகளில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பது துளைகளில் நடுவில் இருந்தவை முட்டை வடிவமாகிவிட்டன, பிரேக் பிடித்தால் தாழ் அடுத்த துளைக்குத் தாவியது அதனால்தான். இரு கோடித் துளைகளும் அவ்வளவாகப் பயன்படாமல் வட்டமாகவே இருந்தன. அவற்றுக்கு இடையே 152.4 மில்லி, எட்டால் வகுத்தால் முக்கால் அங்குலம். தேய்ந்தவற்றை வெல்டிங்கில் அடைத்து, அந்தக் கணக்கில் மறுபடி துளைத்தேன்.

ஓட்டுநர் சீட் இப்போது ஒரு விரலால் தள்ளினாலே நகர்கிறது. மிஞ்சிய எட்டில் நாலு பயணி சீட்டுக்கு. அங்கேயும் ஒரு போல்ட் துருவேறி அசைய மறுக்கிறது. மூன்று வாரமாகத் தினமும் அதற்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுவருகிறேன். நீளக் குழாயை வேறு அறையில் வைத்துவிட்டேன்.