குடியை நிறுத்த ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறீர்களா, இதைப் படித்துவிட்டுப் போங்கள்

அக்கா வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறவர். கார்த்திகையில் மாலை போட்டால் ஒரு மண்டலத்துக்குச் சொட்டுகூடத் தொடமாட்டார், மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே டாஸ்மாக்கில் நிற்பார். அதனால் ‘நினைத்தால் விட்டுவிடுவார், எல்லாம் கொழுப்பு’ என்றுதான் வீட்டில் பேச்சு. ஆனால் போன வருடத்திலிருந்து கதையே வேறு. கடை திறப்பது பகல் 12 மணிக்கு. மாமாவுக்கோ விடிந்ததும் கை நடுங்கும், முந்தின ராத்திரி ஒளித்து வைத்த குவார்ட்டரில் கொஞ்சம் உள்ளே போனால்தான் டீ கிளாஸையே பிடிக்க முடியும்.

இந்த நிலைக்கு வந்தவரை அறையில் போட்டுப் பூட்டி நிறுத்த வைக்காதீர்கள். தினமும் குடித்துப் பழகிய உடம்புக்குத் திடீரென்று சரக்கு நின்றால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கப்புறம் புத்தி பேதலிக்கலாம், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

முதலில் ஒரு தனியார் குடி மறுவாழ்வு மையத்துக்குப் போய்ப் பார்த்தோம். ராத்திரி வேன் அனுப்பித் தூக்கிக்கொள்கிறோம் என்றார்கள், டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. சரி என்று எழுந்து வந்துவிட்டோம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இந்த மாதிரி இடங்களும் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் போனது அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ஓபி சீட்டு போட்டு மனநலப் பிரிவில் உட்கார்ந்தால், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்திருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றுதான் டாக்டர் கேட்டார். ‘ஏன் குடிக்கிறீர்கள்’ என்று கேட்கவே இல்லை, அதிலேயே மாமா பாதி இறங்கி வந்துவிட்டார். சேர்க்கைப் படிவத்தில் அவரேதான் கையெழுத்துப் போட்டார், கோணல்மாணலாக. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1) ஊசி. வைட்டமின் பி1 குறைந்து கிடக்கிற உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கலாமாம். நடுக்கத்துக்கு க்ளோர்டயசெபாக்சைடு மாத்திரை, நாளாக நாளாக அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள்.

மூன்றாவது ராத்திரிதான் மோசம். படுத்தபடியே இல்லாத கியரை மாற்றுகிறார், ‘பின்னாடி வா, வா, ஒடி’ என்று கிளீனர் மாதிரிக் குரல் கொடுக்கிறார், போர்வையிலிருந்து எறும்பை எடுத்து எடுத்துப் போடுகிறார். எறும்பே கிடையாது. அக்கா அழுதுவிட்டாள். நர்ஸ் வந்து ஊசி போட்டு, விளக்கை அணைக்காதீர்கள், அவரோடு வாதாடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மாமாவுக்கு எதுவுமே ஞாபகமில்லை.

வீட்டுக்கு வரும்போது டைசல்ஃபிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து வாந்தியும் படபடப்பும் வரும், ரத்த அழுத்தம் சரியும், மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அந்த வேலை இருக்கும். சித்தப்பா ஒருவர், தெரியாமல் குழம்பில் கலந்து கொடுத்துவிடலாமே என்றார் (நம் ஊரில் இந்த யோசனைக்குப் பஞ்சமே இல்லை). டாக்டர் கடுமையாகவே சொன்னார்: அவருக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாது.

இப்போது காலை டீயோடு அக்கா முன்னாலேயே போட்டுக்கொள்கிறார். சில நாள் முறைத்துக்கொண்டே போடுகிறார், போடட்டும். சாயங்கால லோடு முடிந்து கூலி கைக்கு வருகிற நேரம்தான் இன்னும் கஷ்டம், அதனால் பணத்தை ஓனர் நேராக அக்கா கணக்கில் போட்டுவிடுகிறார். ராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தவித்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.