டெல்ஃப் பி2: ஒரு ‘ஸ்’ஸை விழுங்கியதால் போன ஆறு மாதம்

டெல்ஃப் பி2 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வின் ரிசல்ட் நேற்று வந்தது. 71.5, பாஸ். இது இரண்டாவது முறை. முதல் முறை மொத்தம் 57 வாங்கியும் பேச்சில் கட்டாயம் வேண்டிய 5 இல்லாமல் 4.5 என்பதால் போய்விட்டது. அந்த அரை மார்க் இன்னும் வலிக்கிறது.

அன்று எனக்கு வந்தது சின்னக் கடைகள் மூடப்படுவதைப் பற்றிய துணுக்கு. ஆன்லைன் வியாபாரம் அவற்றுக்குக் ‘கூ த கிராஸ்’, அதாவது சாகக் கிடப்பவரின் வேதனை தீரக் கொடுக்கும் கடைசி அடி என்று சொல்ல நினைத்தேன். பிரெஞ்சில் கடைசி மெய் ஒலிக்காது என்ற பழக்கத்தில் ‘கூ த கிரா’ என்றேன். கிரா என்றால் கொழுப்பு. தேர்வாளர் இரண்டு முறை திருப்பிக் கேட்டார். அப்புறம் விவாதத்தில் எனக்கு வாயே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வேரைத் தேடினேன். கிரேக்கத்தில் ‘கொலாஃபோஸ்’ என்றால் அறை, குத்து. லத்தீனில் அது கொலாஃபுஸ், பிறகு கொல்புஸ், பிரெஞ்சில் கூ. நடுவில் இருந்த ‘ல்’ கரைந்து உயிரொலியானது. ‘ப்’ எழுத்தில் மட்டும் நிற்கிறது. கிராஸ் வந்தது ‘கிராத்தியா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து; அருள், தயவு என்று பொருள். அதன் கடைசியில் ஓர் ‘இ’ (e) எழுத்து நிற்பதால் முன்னால் உள்ள ‘ஸ்’ ஒலித்தே ஆக வேண்டும். இந்த விதியை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள்.

முதல் நாள் படித்த ‘மெர்சி போக்கூ’விலும் இதே கூ இருக்கிறது: போ, கூ, ‘நல்ல பெரிய அடி’, அதனால் ‘நிறைய’.

மரபுத்தொடர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வது எனக்கு ஒத்துவராது. கூ என்றால் ‘அடி’ என்று பிடித்துக்கொண்டேன். தமிழிலும் அப்படியே பொருந்துகிறது:

- கூ த ஃபில்: போன் அடிப்பது
- கூ த வான்: காற்று அடிப்பது
- கூ த சொலேய்: வெயில் அடித்துத் தோல் கன்றுவது
- கூ த ஷான்ஸ்: லக் அடிப்பது

கூ த மேன் மட்டும் வேறு. அது கை கொடுப்பது.

வாசிப்புப் பகுதிக்கு: மேல்கோடு போட்ட ‘இ’யில் (é) ஒரு புதுச் சொல் தொடங்கினால், அதை எடுத்துவிட்டு ‘ஸ்’ போட்டுப் பாருங்கள். எகோல் ஸ்கூல் ஆகும், எபோன்ழ் ஸ்பாஞ்ச் ஆகும். எல்லாச் சொல்லுக்கும் நடக்காது, ஆனால் எனக்கு மூன்று கேள்விகளில் கைகொடுத்தது.

இந்த முறை இளைஞர்களுக்கான உதவித்தொகை பற்றிப் பேச வந்தது. ‘கூ த பூஸ்’ என்றேன். கட்டைவிரலால் ஒரு தள்ளு, சின்ன உதவி. கடைசியில் ‘இ’ இருக்கிறது. ‘ஸ்’ஸை அழுத்தியே சொன்னேன். பேச்சில் 16.