நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

முதுமுனைவர் ஆய்வுக்காக டொராண்டோவில் வந்து இறங்கியபோது, முன்பின் அறியாதவர்களிடம் உட்கார்ந்து பேசுவதே என் வேலையாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. அதுவரை எலிகளின் ஈரல் செல்கள் குளுக்கோஸை எவ்வாறு சேமிக்கின்றன என்பதை ஆராய்ந்து வந்தேன். செல்களுக்கு வெட்கம் கிடையாது; தின்றதை மறைக்கவும் தெரியாது.

இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட நகரம் என்ற ஈர்ப்பும் நான் இங்கு வந்ததற்கு ஒரு காரணம். 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இங்கே போடப்பட்ட முதல் ஊசி சொல்லிக்கொள்ளும்படி பலன் தரவில்லை. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்திய இன்சுலின் சாறு ஜனவரி 23 அன்று செலுத்தப்பட்ட பிறகே அவனது இரத்தச் சர்க்கரை இறங்கியது. என் முதல் ஆண்டின் சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறியபோது, அந்த வெற்றியைவிட இடைப்பட்ட 12 நாட்களையே நான் அதிகம் நினைத்துக்கொண்டேன்.

நான் சேர்ந்த குழு, உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும் விதத்தை அளந்து வந்தது. டேவிட் ஜென்கின்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் இதே நகரின் பல்கலைக்கழகத்திலிருந்து 1981-இல் 62 உணவுகளையும் சர்க்கரைகளையும் ஒப்பிட்டு, ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசிமிக் குறியீட்டை வெளியிட்டிருந்தார்கள். முறை எளியது: வெறும் வயிற்றில் வருபவருக்கு 50 கிராம் மாவுச்சத்து அடங்கிய உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு விரல் நுனியில் குத்திக் குத்தி இரத்தம் எடுக்க வேண்டும். பழகுவதற்காக முதலில் என் விரலையே நீட்டினேன். ஒரே அளவு வெள்ளை ரொட்டியைத் தின்றும், திங்கட்கிழமை வந்த வரைகோடும் வியாழக்கிழமை வந்த வரைகோடும் ஒத்துப்போகவில்லை. கருவிதான் பழுது என்று கொஞ்ச நேரம் வாதாடினேன். மற்ற உணவுகளுக்கு அளவுகோலாகும் ஒப்பீட்டு உணவை ஒரே ஆளிடம் ஒரு முறைக்கு மேல் சோதித்துச் சராசரி எடுப்பதன் காரணம் அன்றுதான் எனக்கு உறைத்தது.

மனிதர்களைக் கொண்டு ஆராய்வதற்கான நெறிமுறைகளையும் இங்குதான் முறையாகக் கற்றேன். பங்கேற்பாளர் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே, விலகிக்கொள்ளலாம் என்பது கனடாவின் விதி. தேர்வில் அதற்குச் சரியாக விடை எழுதிய நான், தொண்ணூறாவது நிமிடத்தில் ஒருவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டபோது, இன்னும் அரை மணி நேரம்தானே என்று கெஞ்சத் தொடங்கினேன். அருகிலிருந்த செவிலியர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

ஆனால் இந்நாட்டை எனக்கு அறிமுகப்படுத்தியது ஊசியல்ல, கேள்வித்தாள்தான். முந்தைய 24 மணி நேரத்தில் உண்டதையெல்லாம் ஒருவரை நினைவுகூரச் செய்வதற்குப் படிப்படியான முறை உண்டு: முதலில் அவர் போக்கில் பட்டியல், பிறகு விடுபட்டவை, நேரம், அளவு, கடைசியில் மறுபடியும் ஒரு சுற்று. வந்த புதிதில் என் வீட்டு வாசலுக்கு விருந்தாளி என்று ஒருவரும் வந்ததில்லை. நானோ வாரந்தோறும் பத்துப் பேரின் அடுப்பங்கரைக்குள், அங்கே காலடி வைக்காமலே, புகுந்து வந்துகொண்டிருந்தேன். தனியாக உண்பவர் யார், இரவுப் பணி முடிந்து விடியலில் உண்பவர் யார் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் தெரிந்தது. தவறும் செய்தேன். கிராமப்புறத்தில் வளர்ந்த முதியவர் ஒருவர் ‘டின்னர்’ என்றதை இரவுணவு என்று குறித்துக்கொண்டேன். அவருக்கு அது நண்பகல் உணவு, இரவில் உண்பது ‘சப்பர்’. அவருடைய நாள் முழுவதையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

சொல்லப்படும் உணவு, உண்ட உணவைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது இத்துறையின் தீராத தலைவலி. ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் கனமான வடிவங்களான டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18-உம் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, அவை உடலைவிட்டு வெளியேறும் வேக வேறுபாட்டிலிருந்து ஒருவர் செலவிடும் ஆற்றலைக் கணக்கிட முடியும். அந்தக் கணக்கோடு ஒப்பிட்டதில்தான் மனிதர்கள் எவ்வளவு விட்டுச் சொல்கிறார்கள் என்பது அம்பலமாயிற்று. அதை ஏமாற்று என்று நான் கருதவில்லை. நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொள்வதை யாரும் சாப்பாடாக எண்ணுவதில்லை.

ஆய்வாளர் இருக்கையில் இருந்த என்னையும் ஒரு கட்டுரை மறுபக்கம் உட்காரவைத்தது. 2011-இல் வெளியான ஒன்ராறியோ ஆய்வு அது: உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியெண் 30 உள்ள வெள்ளையருக்கு நீரிழிவு எந்த அளவில் வருகிறதோ, அதே அளவில் தெற்காசியருக்கு 24-லேயே வந்துவிடுகிறது. அன்று என் குறியெண் 24-ஐச் சற்றே தாண்டியிருந்தது. வழக்கமான அட்டவணைப்படி நான் நலமான எடை கொண்ட ஆள்.

அதன் பின் சக ஆய்வாளர்களின் ஆய்வுகளுக்குப் பங்கேற்பாளராகவும் போகத் தொடங்கினேன். சென்ற குளிர்காலத்தில் என்னிடம் கேள்வித்தாளோடு அமர்ந்த மாணவி நாட்டுக்கு வந்து சில மாதங்களே ஆனவள். நான் ‘டின்னர்’ என்றதும், எத்தனை மணிக்கு என்று கேட்டாள். மூன்றாம் சுற்றில்தான் ஆய்வக மேசையருகே நின்றபடி தின்ற இரண்டு பிஸ்கட்டுகள் என் நினைவுக்கு வந்தன. முகத்தில் எந்த மாற்றமும் காட்டாமல் அவள் எழுதிக்கொண்டாள். அந்த முகம் எனக்கு வாய்க்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன.